நாபோத்தின் தோட்டமும் நகரமைப்பு முத்திரையும்

ஓர் ஆலையின் சங்கு ஓய்ந்துவிட்டால் அதற்காக இரங்கற் கூட்டம் நடத்துவார் எவருமில்லை. எந்திரங்கள் பழைய இரும்பின் விலைக்குப் போகின்றன. தொழிலாளர் கொடுத்ததைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு கலைந்து செல்கின்றனர். சுற்றுச்சுவருக்குள் கருவேல முட்கள் மண்டுகின்றன. பத்து ஆண்டோ இருபது ஆண்டோ கழித்து, ஒருநாள் அதே வாயிலில் புதிய பலகை ஒன்று எழுகிறது: குளிரூட்டப்பட்ட பேரங்காடி, மகிழுந்துகள் நிற்க இடம், குழந்தைகளுக்கு விளையாட்டுக் கூடம். ஊர் மகிழ்கிறது. ஆனால், பலகை எழுவதற்கு நெடுநாள் முன்பே ஏதோவோர் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, இறுதியில் ஒரு முத்திரையைப் பெற்றிருக்கிறது. அந்த முத்திரையைப் பற்றியே நாம் இங்கே பேச விழைகிறோம்.

நம் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறோம். பேரங்காடி கட்டுவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம் வணிகத்துக்கு மாற்றப்படும் வேளை, ஒரு நகரத்தின் நீதியுணர்வு சோதிக்கப்படும் வேளை என்கிறோம். அந்த நிலத்தில் ஏழைகளின் பங்கு எது என்று கேட்காமல் வழங்கப்படும் திட்ட அனுமதி, சட்டத்தின்படி முழுமையானதாயினும் நீதியின்படி அரைகுறையானதே என்கிறோம். அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்களுள் மதுரையின் கத்தோலிக்கப் பொதுநிலையினரும் அடங்குவர் என்கிறோம்.

கோப்பில் குறையில்லை!

ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கவர்ந்த வரலாறு நம் பீடங்களிலிருந்து அடிக்கடி முழங்கும் வரலாறு. பேராசையின் கதையாகவே அதனைக் கேட்டுப் பழகிவிட்டோம். அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை ஒரு நகரமைப்பு அலுவலரின் கண்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். வேறொரு செய்தி புலப்படும்.

ஆகாபு முதலில் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை. அரண்மனையை அடுத்த நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். அதற்கு ஈடாக அதனினும் நல்ல தோட்டம் தருவதாகவோ, விலைப் பணம் தருவதாகவோ சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர நாபோத்து மறுத்தான். அதன் பிறகுதான் ஈசபேல் களத்தில் இறங்குகிறாள். அவள் படை அனுப்பவில்லை, கடிதம் எழுதினாள். அரசனின் பெயரில் எழுதி, அரசனின் முத்திரையைப் பொறித்து, நகரின் மூப்பர்களுக்கும் பெரியோர்களுக்கும் அனுப்பினாள். நோன்பு அறிவிக்கப்பட்டது, மன்றம் கூடியது, திருச்சட்டம் கேட்ட எண்ணிக்கை குறையாமல் சாட்சிகள் இருவர் வந்து அமர்ந்தனர், தீர்ப்பு நிறைவேறியது.

கடிதம் இருந்தது. முத்திரை இருந்தது. மன்றம் இருந்தது. சாட்சிகள் இருந்தனர். இன்றைய தணிக்கை அலுவலர் எவரேனும் அக்கோப்பைப் புரட்டிப் பார்த்திருப்பின், குறை ஒன்றும் காணாது ஒப்பமிட்டிருப்பார்! எலியா இறைவாக்கினர் வந்து கேட்டபோதோ, அவர் கோப்பைக் கேட்கவில்லை. குருதியைப் பற்றிக் கேட்டார்.

ஆலை உடைமையாளர் எல்லாரும் ஆகாபுகள் என்றோ, அதிகாரிகள் எல்லாரும் ஈசபேலின் ஏவலர் என்றோ நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது அநீதி. நாம் சுட்ட விரும்புவது வேறு. நடைமுறை பிசகாமல் நடப்பதாலேயே ஒரு செயல் நேர்மையானதாகிவிடாது. அந்த ஊரின் மூப்பர்களுள் ஒருவரேனும் எழுந்து ‘ஏன்?’ என்று கேட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். ஒருவரும் எழவில்லை. மன்றத்தின் அந்த மௌனமே நம்மை உறுத்துகிறது.

ஆலை நகரமாகிய மதுரை

மதுரையைக் கோயில் நகரம் என்றே உலகம் அறிகிறது. நம் பாட்டன்மார் அதனை ஆலை நகரமாகவும் அறிந்திருந்தனர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1890-களின் தொடக்கத்தில் இரயில் நிலையத்தை ஒட்டி நூற்பாலையை இயக்கத் தொடங்கினர். பின்னர் கருமுத்து தியாகராசரின் மீனாட்சி ஆலை வந்தது. மகாலட்சுமி ஆலை முதலான பிறவும் வந்தன. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்த காலங்களில் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆலைக் கூலியே அடுப்பெரித்தது. திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விபட்டி என்னும் குடியிருப்பின் பெயரே அந்தக் காலத்தின் சாசனமாக இன்றும் நிற்கிறது.

அக்கூலியும் தானாக உயரவில்லை. 1918-ஆம் ஆண்டில் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டபோது அவர்களுக்குத் துணை நின்றவர்களுள் முன்னவர் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். கேரளக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து மதுரையைத் தம் களமாகக் கொண்டவர். 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்த காலத்தில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராகப் பிரமலைக் கள்ளர்களுக்காக வழக்காடியவரும் அவரே. ‘ரோசாப்பூ துரை’ என்று அம்மக்கள் அவரை அழைத்தனர். அவர் குருவானவர் அல்லர், துறவி அல்லர். சட்டப் புத்தகத்தைக் கையிலேந்திய கிறித்தவப் பொதுநிலையினர். ‘இதெல்லாம் நமக்கெதற்கு?’ என்று அவர் கேட்டிருந்தால் மதுரையின் தொழிலாளர் வரலாறே மாறியிருக்கும்.

ஆகவே, ஓர் ஆலை நிலத்தைப் பார்க்கும்போது பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நம் பார்வை நின்றுவிடலாகாது. அந்த நிலத்துக்கு மதிப்பை உண்டாக்கியவர் யார்? இரயில் பாதை அரசுப் பணத்தில் வந்தது. சாலையும் தண்ணீரும் மின்சாரமும் ஊரார் வரியில் வந்தன. மூன்று தலைமுறைத் தொழிலாளர் தங்கள் நுரையீரலில் பஞ்சுத் துகளைச் சுமந்து அந்த இடத்துக்குப் பெயர் தேடித் தந்தனர். இன்று தொழில் மண்டலமாக இருக்கும் அதே நிலம், நாளை வணிக மண்டலம் என்று ஆணை பிறந்தவுடன் பன்மடங்கு விலை பெறுகிறது. அந்த ஏற்றத்துக்காக உரிமையாளர் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. அரசின் பேனா வைத்தது. பொதுமக்களின் பேனாவால் பிறந்த ஆதாயத்தில் பொதுமக்களுக்குப் பங்கில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

கோவையும் மும்பையும் கற்பிப்பவை

இது கற்பனை அச்சமன்று. அண்டையிலுள்ள கோவையைப் பாருங்கள். 1910-இல் தொடங்கப்பெற்ற இலட்சுமி ஆலை, அவினாசி சாலையில் ஊரின் அடையாளமாகவே விளங்கியது. அந்த ஆலை வளாகத்தில் 2023 சூன் மாதம் லூலு நிறுவனத்தின் பேரங்காடி திறக்கப்பட்டது. தமிழகத்தில் அந்நிறுவனத்துக்கு அதுவே முதல் கடை. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் ஐக்கிய அரபு அமீரகப் பயணத்தின்போது, அந்நிறுவனத்தோடு 3,500 கோடி ரூபாய் முதலீட்டுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. வணிகர் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. முதலீட்டை வரவேற்ற குரல்கள் அதனினும் உரக்க எழுந்தன.

அங்கு சட்டம் மீறப்பட்டதாக நாம் சொல்லவில்லை. அப்படியொரு குற்றச்சாட்டு நம்மிடம் இல்லை. நம் வருத்தம் வேறு. ‘முதலீடு வேண்டுமா, வேண்டாமா?’ என்ற ஒற்றைக் கேள்வியாக விவாதம் சுருங்கிவிட்டது. ஆலை நிலத்தில் எவ்வளவு பகுதி ஊருக்கு வர வேண்டும், எத்தகைய வேலை பிறக்க வேண்டும், சுற்றுவட்டாரக் கடைக்காரர் நிலை என்ன என்னும் கேள்விகள் அந்த இரைச்சலில் அமுங்கிப்போயின. மதுரையிலும் நாளை இவ்வாறே நடக்கக்கூடும்.

இன்னும் பெரிய பாடம் மும்பையுடையது. 1982 சனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்தப் போராட்டத்துக்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்தன. நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. 1991-இல் ஒரு விதி வகுத்தார்கள்: ஆலை நிலம் வேறு பயனுக்கு மாறும்போது, மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, மற்றொரு பங்கு பொது வீட்டு வசதிக்காக, எஞ்சியது உடைமையாளருக்கு. தராசு ஓரளவு நேராக நின்ற விதி அது. 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. மொத்த நிலத்தில் பங்கு என்பது, கட்டடமில்லாத வெற்று நிலத்தில் மட்டும் பங்கு என்றாயிற்று. ஆலைகளில் வெற்று நிலம் எவ்வளவு இருக்கும்? ஒருசில சொற்கள் மாறின. ஊரின் பங்கு உருகிப்போயிற்று. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வழக்காடினர். 2005-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. இன்று பீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் பீனிக்ஸ் வணிக வளாகம் நிற்கிறது. பெயர் மட்டும் சாம்பலிலிருந்து எழுந்தது, தொழிலாளி எழவில்லை.

அந்தச் சில சொற்கள் மாறிய நாளில் மும்பையில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பர்? கவனித்தவர் சிலர், உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. முத்திரை விழுந்த பிறகு அழுவதைவிட, முத்திரை விழுமுன் பேசுவதே அறிவுடைமை.

எதிர்வாதங்கள் நான்கு

முதலாவது வாதம்: ‘அவர் நிலம், அவர் விருப்பம்.’ திருச்சபை தனிச்சொத்துரிமையை மறுப்பதில்லை. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலே அவ்வுரிமையை வலியுறுத்தியது. ஆனால், அவ்வுரிமைக்கு மேலாக, படைப்பின் நலன்கள் அனைவருக்குமாகவே தரப்பட்டன என்ற படிப்பினை நிற்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், தனிச்சொத்து சமூகத்துக்கு அடமானப்பட்டது என்னும் கருத்தை வலியுறுத்தினார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கும் நம் மக்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஒவ்வொரு சொத்தின் வில்லங்கச் சான்றிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பதிவு உண்டு, அதில் ஏழையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. லேவியர் நூல் வகுத்த யூபிலி ஆண்டும் இதையே சொல்கிறது: நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் குடியிருப்போரே. 2025-ஆம் ஆண்டை யூபிலியாகக் கொண்டாடிய நாம் திருப்பயணங்கள் சென்றோம், பேறுபலன்கள் பெற்றோம். நிலத்தைப் பற்றிய யூபிலிச் சட்டத்தை எத்தனை மன்றங்களில் பேசினோம்?

இரண்டாவது வாதம்: ‘வேலை கிடைக்கிறதே!’ கிடைக்கட்டும். எத்தகைய வேலை என்று கேட்பது நம் கடமை. ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி இருந்தது, ஈட்டுறுதி மருத்துவம் இருந்தது, ஊக்கத்தொகை இருந்தது, பேசுவதற்குச் சங்கம் இருந்தது. பெருங்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே பணியாற்றும் நம் இளம்பெண்களுக்கு என்ன இருந்தது? அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்வதற்கே தமிழகச் சட்டப் பேரவை 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது! உட்காரும் உரிமைக்கே சட்டம் இயற்ற வேண்டிய துறையை, ஆலைக்கு ஈடான வேலைவாய்ப்பு என்று எவ்வாறு கொண்டாடுவது? நிலைத்திருக்கும் வேலை என்றாவது சொல்ல முடியுமா? நாடெங்கும் பரவி, வணிக உலகின் வெற்றிச் சின்னமாகப் போற்றப்பட்ட பிக் பசார் கடைகள் 2022-இல் மூடப்பட்டன. அதை நடத்திய நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஆலையை இழந்த நிலம் அங்காடியையும் இழக்கலாம். அப்போது ஊர் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

மூன்றாவது வாதம்: ‘விலை மலிவு, தெருக்கடைக்காரர் மட்டும் யோக்கியரா?’ இல்லை, எல்லாரும் யோக்கியர் அல்லர். எடையில் குறைப்பாரும், காலாவதியான பொருளை விற்பாரும் பலசரக்குக் கடைகளிலும் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. ஆனால், மாதக் கடைசியில் கையில் காசில்லாத குடும்பத்துக்கு அரிசியும் பருப்பும் கடன் நோட்டில் எழுதிக் கொடுப்பது யார்? 2020-இன் ஊரடங்கு நாள்களில் கூலியின்றிக் கிடந்த குடும்பங்களுக்கு எந்தக் கணினி ரசீது கடன் கொடுத்தது? தெருக்கடை என்பது சரக்கு விற்கும் இடம் மட்டுமன்று. வங்கி வாசல் ஏற முடியாதவர்களின் வங்கி அது. அது மூடப்படும்போது ஏழையின் செலவு கூடுகிறது. அந்தச் செலவு பேரங்காடியின் தள்ளுபடிப் பட்டியலில் காணப்படாது.

விளைவிப்போரையும் மறந்துவிடலாகாது. மதுரையைச் சூழ்ந்த சமவெளி, வைகையும் 1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று நீரும் ஊட்டி வளர்த்த சமவெளி. சோழவந்தான் வெற்றிலையும், புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், மேலூர் நெல்லும் அதன் கொடைகள். இந்த உழவர்களுக்காக நாட்டுக்கே வழிகாட்டும் ஒரு முயற்சி மதுரையில்தான் பிறந்தது. 1999 நவம்பர் 14-ஆம் நாள் அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி விற்கும் சந்தை அது. அத்தகைய சந்தைக்குத் தாயகமான ஊரில், காலியாகும் பெருநிலம் ஒவ்வொன்றுக்கும் பேரங்காடி ஒன்றே கதி என்பது கற்பனை வறட்சி. அலங்காநல்லூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் 2019-க்குப் பின் அரைவை நின்றபோது, கரும்பு விவசாயிகள் கேட்டது நிலத்தின் விலையை அன்று. ஆலையைத் திறக்கும்படியே போராடினர். தொழிற்கூடத்தின் மதிப்பு சதுர அடியில் இல்லை என்பதை அவர்கள் அறிவர்.

நான்காவது வாதம் நம்முள்ளிருந்தே வருகிறது: ‘கோயிலுக்கும் நகரமைப்புக்கும் என்ன தொடர்பு?’ திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், நகரங்களைத் திட்டமிடுவோர் அங்கு வாழ்வோரின் பார்வையையும் கேட்க வேண்டும் என்று கற்பித்தார். வீடு, போக்குவரத்து, பொதுவெளி ஆகியன அம்மடலில் ஆன்மிகப் பொருள்களாகவே இடம் பெறுகின்றன. 2025-இல் பதவியேற்ற திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர், தம் பெயரைத் தேர்ந்ததற்கு 1891-இன் அந்தத் தொழிலாளர் சுற்றுமடலையும் காரணமாகச் சொன்னார். இதற்குப் பிறகும் இது நம் பொருளன்று என்போர், எந்தத் திருச்சபையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

கேட்க வேண்டியவை

சட்டம் நமக்கு முழுவதும் எதிராக இல்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. முழுமைத் திட்டம் வரையப்படும்போது, இரண்டு மாதத்துக்குக் குறையாத காலம் தந்து மக்களின் ஆட்சேபங்களையும் கருத்துகளையும் கேட்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நிலப்பயன் மாற்றத்தின்போதும் செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காடு நிலம் பொது உபயோகத் திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும். வாசல் திறந்தே இருக்கிறது, நுழைவாரைத்தான் காணோம். அந்த அறிவிப்புகள் செய்தித்தாளின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் வருகின்றன. திருமண விளம்பரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் நாம், அடுத்த பத்தியை ஏன் தாண்டிச் செல்கிறோம்?

பேரங்காடிகளின் தாயகங்களான நாடுகளே அவற்றைக் கேள்வியின்றி ஏற்பதில்லை. சிறுகடைகளைக் காக்கும் நோக்கில் பிரான்சு நாடு 1973-இலேயே, குறிப்பிட்ட பரப்பளவைத் தாண்டிய கடைகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் செய்தது. இங்கிலாந்தில் 1996 முதல், பெருங்கடை நாடுவோர் முதலில் நகர மையத்திலேயே இடம் தேட வேண்டும். அங்கு இல்லையென்று காட்டிய பிறகே புறநகருக்கோ பழைய தொழிற்கூட நிலத்துக்கோ செல்லலாம் என்ற நெறி வலுவாயிற்று. 2,500 சதுர மீட்டரைத் தாண்டும் புறநகர்க் கடைகள், நகர மையத்தின் வணிகத்துக்கு விளையும் தாக்கத்தையும் பொதுவாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அந்நாடுகள் வளர்ச்சிக்குப் பகையானவையா? இலண்டன் கடைக்காரருக்குக் கிடைக்கும் அந்தக் காப்பு, கீழமாசி வீதிக் கடைக்காரருக்கு ஏன் கூடாது?

ஆகவே நாம் கேட்பவை இவை. பழைய தொழிற்கூட நிலம் வணிகத்துக்கு மாற்றப்படுமுன், அதில் உழைத்தோருக்குரிய நிலுவை முழுவதும் தீர்க்கப்பட்டதற்குச் சான்று வேண்டும். பெருங்கடை எதுவாயினும், சுற்றுவட்டாரச் சிறுவணிகத்துக்கு அதனால் வரும் விளைவு ஆராயப்பட்டு, அறிக்கை தமிழில் வெளியிடப்பட வேண்டும். விதிப்படி தர வேண்டிய திறந்தவெளி மதிலுக்குள் மறைந்த புல்தரையாக இராமல், உழவர் சந்தையாகவோ விளையாட்டுத் திடலாகவோ ஊருக்குப் பயன்பட வேண்டும். நிலப்பயன் மாற்றத்தால் பெருகும் மதிப்பில் ஒரு பகுதி, நகர ஏழைகளின் வீட்டுவசதிக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொழிற்கூட மண்ணில் என்ன புதைந்திருக்கிறது என்று சோதிக்க வேண்டும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு நமக்கு எச்சரிக்கை. அங்கு பணியாற்றிய 591 பேருக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. மண் எளிதில் மறப்பதில்லை. அதன்மேல் பளிங்குத் தரை போட்டுவிட்டால் மட்டும் மறந்துவிடுமா?

நம் வீட்டு முற்றம்

இவற்றைப் பிறரிடம் கேட்பதற்கு நமக்குத் தகுதி வேண்டுமாயின், இதே அளவுகோலை நம் நிறுவனங்களின்மீதும் வைக்க வேண்டும். மறைப்பணியாளர் ஏழைகளின் கல்விக்கென்றும் மருத்துவத்துக்கென்றும் பெற்ற நிலங்கள் இன்று நகரங்களின் நடுவே பொன் விளையும் மனைகளாகிவிட்டன. சாலை முகப்பில் வணிக வளாகம் கட்டினால் வாடகை வரும் என்ற எண்ணம் தமிழகத்தில் எந்த மறைமாவட்டத்தின் வாசலையும் தட்டக்கூடியதே. வாடகை தேவைப்படலாம், அதனால் பள்ளி நடக்கலாம். ஆனால், நிலம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது, அந்த நோக்கத்துக்குரியோருக்கு என்ன மீதமிருக்கிறது என்ற கேள்வி அங்கும் பங்குப் பேரவையில் எழுப்பப்பட வேண்டும். ஆலை முதலாளிக்கு ஒரு நீதியும் ஆலய நிர்வாகத்துக்கு வேறொரு நீதியும் இருந்தால், எலியா முதலில் நம் வாயிலில்தான் வந்து நிற்பார்.

அன்பியக் கூட்டங்களில் நாம் இறைவார்த்தையைப் பகிர்கிறோம், நன்று. மாதம் ஒருமுறை அக்கூட்டத்திலேயே நகரமைப்பு அறிவிப்புகளையும் ஒருவர் படித்துச் சொல்லட்டும். நம்மிடையே வழக்கறிஞர் உளர், பொறியாளர் உளர், ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினர் உளர், மாமன்ற உறுப்பினராகப் பணியாற்றியோரும் உளர். ஆட்சேப மனு எழுதுவது எப்படி என்று அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் கற்றுத்தரலாம். ஆலையில் உழைத்து முதுமையடைந்தோர் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். அவர்களையும் அழைத்து அமரச் செய்யுங்கள். அந்த நிலத்தைப் பற்றி எந்த வரைபடமும் சொல்லாததை அவர்கள் சொல்வர். புதூர் லூர்தன்னைத் திருத்தலத்துக்கு வரும் மக்களுள் அடுத்துள்ள தொழிற்பேட்டையின் சங்கொலிக்கு வாழ்ந்த குடும்பங்கள் இராமற்போகா. இந்தக் கேள்வி அவர்கள் அடுப்பங்கரைக் கேள்வி.

மனு தள்ளுபடி செய்யப்படலாம். பேரங்காடி எழவும் எழலாம். அதில் நம் பிள்ளைகளே வேலைக்குச் செல்லலாம்; நாமே பொருள் வாங்கவும் போகலாம். அதனால் கேட்டது வீணாகிவிடாது. கேள்வி பதிவான கோப்பு வேறு. கேள்வியே இல்லாத கோப்பு வேறு. பத்து விழுக்காட்டு நிலம் உண்மையில் ஊருக்கு வந்ததா, தொழிலாளியின் நிலுவை தீர்ந்ததா என்று பின்னொரு நாள் வழக்காடுவோருக்கு அந்த ஒற்றை மனு ஆதாரமாகும். நாபோத்தின் ஊரில் மூப்பர்கள் கடிதத்தைப் படித்தனர், முத்திரையை வணங்கினர், மன்றத்தைக் கூட்டினர். அவர்களுள் ஒருவர் பெயரையும் விவிலியம் பதிவு செய்யவில்லை. அறிவிப்பு வரும் நாளில் ஆட்சேபத்தை எழுதி, அடியில் நம் பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதுவோம்.